டக்கெட் சாத்திய கேட்

சனிக்கிழமை மதியம் டெலானாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓக்லஹோமா ஆளுநர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவாகும் இறுதிச் சுற்று செவ்வாய்க்கிழமை. மிஞ்சி நின்ற இருவரும் ஒரே கொள்கைக்காரர்கள்: வரி குறைய வேண்டும், அடுத்தவன் நிலத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது. கொள்கை ஒன்றாகிப் போனால் சொல்லும் விதத்தில்தானே சண்டை? அந்தச் சொல்லும் விதம்தான் டெலானாவின் பிழைப்பு. அவளுடைய வேட்பாளர் ராய்ஸ் டக்கெட்டோ கோடை முழுக்கப் பின்தங்கியே கிடந்தார்.

நேற்று மாலை அவள் எடுத்த விளம்பரம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. மஞ்சள் வெயிலில் டக்கெட் மேய்ச்சல் நிலத்தை விட்டு வெளியே வருகிறார். கனத்த இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டி போடுகிறார். பிறகு நேராகப் பார்த்து, "உங்க நிலம், உங்க முடிவு. அரசாங்கம் கேட்டுக்கு வெளியவே நிக்கணும்" என்கிறார். அவ்வளவுதான். ராத்திரியே இணையத்தில் பறந்தது, காலையில் டிவியிலும் வந்தது. தேவாலயக் கூடத்து விருந்தில் இதோ மூன்றாம் தடவையாகப் போடச் சொல்லி விசிலடிக்கிறார்கள். கிழவர் ஒருவர் மாட்டிறைச்சித் தட்டோடு எழுந்து நின்று, "இதுதாய்யா பேச்சு!" என்று கத்தினார். டெலானாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இந்த ஆள் ஜெயிக்கப் போகிறார், அதுவும் என் விளம்பரத்தால்!

அப்போதுதான் வெர்னாவின் போன் வந்தது. படம் எடுக்க நிலத்தைக் கொடுத்த அம்மாள். மகளின் பிரசவத்துக்காக டல்சா நகரத்தில் இருக்கிறாள்.

"அழகா இருக்கு கண்ணு! ஆஸ்பத்திரியில எல்லாரும் பாத்தோம். ஆமா, படம் புடிச்சதும் கேட்டைத் திரும்பத் தொறந்து வெச்சிட்டுத்தானே வந்தீங்க? மாடு இந்தப் பக்கம், குட்டை அந்தப் பக்கம். அதுக்குத்தான் சாத்திக்காம இருக்கக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருந்தேன்."

கம்பியை அவிழ்க்கச் சொன்னதே டெலானாதான். மாட்டுப் பண்ணையில் பிறந்தவள் வேறு. நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுப்பார்கள்: அடுத்தவன் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுட்டு வா. அந்த மஞ்சள் வெயில் அவள் கண்ணை மறைத்துவிட்டது. வெளியே ஆகஸ்ட் மாத வெயில் கொளுத்துகிறது. நேற்று மாலையிலிருந்து மாடுகளுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை!

"இதோ பாத்துக்கறேம்மா" என்று போனை வைத்துவிட்டு மேடையோரம் ஓடினாள். பேச எழுந்துகொண்டிருந்த டக்கெட்டின் காதில் விஷயத்தைப் போட்டாள். "நான் போறேன் சார். நீங்க பேசுங்க, டிவிக்காரங்க வந்திருக்காங்க. வெளிய தெரிஞ்சா நாறிடும்."

"சாத்துனது யாரு?" என்றார் டக்கெட்.

"சார், உங்க மூஞ்சிக்காகக் கூட்டமே காத்திருக்கு..."

"மாடும் காத்திருக்கும்மா. சாவியக் குடு."

பிக்கப் வண்டி மண்பாதையில் புழுதி கிளப்பிப் பறந்தது. டெலானா தனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் சொல்லி முடித்தாள்.

கேட் திறந்திருந்தது. கம்பி போட்டு இறுகக் கட்டியிருந்தது. மாடுகள் குட்டையில் வயிறு நனைய நின்றன. "அப்பாடா!" என்று குதித்து இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். வேலியோரம் நின்ற பழைய லாரியின் பின்பக்கம் எதிராளியின் பெயர் பளிச்சென்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் வாளியோடு ஒரு மனிதர். அடுத்த பண்ணைக்காரர், கேலன் சிஸ்க். ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் போதும், கதை முடிந்தது.

"வாங்க கவர்னரே" என்றார் கேலன். "காலைல டிவில உங்களப் பாத்தேன். காபி தொண்டைல எறங்கல. வெர்னா கோடைல இந்தக் கேட்டைச் சாத்தவே மாட்டாளேன்னு ஓடியாந்தேன். ஒரு கன்னு படுத்திருச்சு. தண்ணி காட்டி எழுப்பி விட்டுட்டேன்."

டக்கெட் தொப்பியைக் கழற்றினார். டெலானாவுக்கு அந்த மரியாதையெல்லாம் தோன்றவில்லை. "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வெர்னாகிட்டயே சொல்லல. பிரசவத்துக்குப் போன எடத்துல பதற வைக்கணுமா?"

"உங்க ஆளுகிட்ட?"

கேலன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்கு இங்க என்ன வேலை? இது வெர்னா மாடு."

தப்பித்தோம்! விளம்பரம் பிழைத்தது, தேர்தல் பிழைத்தது. டெலானா டக்கெட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் சிவந்திருந்தது.

"அந்த விளம்பரத்த எடுத்துடு."

"சார்! இவர்தான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாரே!"

"அதனாலதாம்மா. நம்ம கொள்கைய முப்பது விநாடி நான் நடிச்சேன். வெர்னா நிலம், வெர்னா முடிவுன்னு இந்த மனுஷன் வாளியத் தூக்கிட்டு வந்து செஞ்சிட்டு நிக்கறாரு. வெர்னாகிட்ட நானே பேசறேன். மொதல்ல கேமராவ எடு."

"தோத்துடுவோம் சார்."

"தோக்கலாம்."

கேலன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க அவருக்கு நேரமிருந்தது. "பேசுங்க, பேசுங்க. கேட்டைத் தொடாமப் பேசுங்க."

"இதுக்காச்சும் எனக்கு ஓட்டு உண்டா?" என்றார் டக்கெட்.

"முன்கூட்டியே போட விடறாங்கல்ல, வியாழக்கிழமையே போட்டாச்சு. அவருக்குத்தான்."

டக்கெட் வயிறு குலுங்கச் சிரித்தார். டெலானாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, தன் வாழ்நாளில் எடுத்த மிகச் சிறந்த விளம்பரத்தை இணையத்திலிருந்து நீக்கினாள். பிறகு கேமராவைத் தூக்கினாள். பயம்தான், ஆனால் எந்த மேடையோரத்திலும் வராத ஒரு குதூகலமும் கூடவே வந்தது.

"வெர்னாவோட கேட்டைத் தப்பா சாத்துனது நான்தான்" என்று டக்கெட் ஆரம்பித்தார்.

அவள் எழுதிக் கொடுக்காத வாக்கியம். மாற்றுவதற்கு அதில் ஒரு சொல்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.