கம்பெனி வடை

கன்வேயர் பெல்ட்டில் வடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே நீள்வட்டம், ஒரே தடிமன். குளிரறையிலிருந்து நேராக வருவதால் மேலே மாவு தூவியதுபோலப் பனி படிந்திருக்கும். முனை உடைந்ததையும் வளைந்ததையும் பொறுக்கி நீலக் கூடையில் போடுவது சுமலதாவின் வேலை. இரண்டு கையுறை போட்டும் விரல் நுனிகள் மரத்துவிடும். உருளைக்கிழங்கில் செய்து, சிவக்கப் பொரித்து உறையவைத்தது அது. அட்டைப் பெட்டியில் வேறு பெயர் அச்சிட்டிருந்தாலும் பெண்கள் எல்லோருக்கும் அது வடைதான். நெடுஞ்சாலையில் கண்ணாடிச் சுவர் வைத்த கடைகளுக்குக் காலை நாஷ்டாவுக்காக அது போனது. நீலக் கூடையில் விழுந்தது மாட்டுத் தீவன லாரிக்குப் போனது.

அந்தக் கடைகளில் ஒன்றுக்குச் சுமலதாவின் கணவன் அன்புசெல்வன் ஒருமுறை அவளையும் மகளையும் கூட்டிப் போயிருந்தான். மகள் அருணாவின் பிறந்த நாள். இரண்டாக அறுத்த பன், நடுவில் வட்ட முட்டை, அதன்மேல் இந்த வடை. அருணா கடித்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள்.

"இந்த வடைய உங்கம்மாதான் செய்யறா, தெரிமா?" என்றான் அன்புசெல்வன்.

"அப்ப ஊட்லயே செய்யச் சொல்லு நைனா."

போன ஆடியில் அவன் வேலை பார்த்த கம்பி மில்லில் கிரேன் சங்கிலி அவன் தலைக்கு மேலே அறுந்தது. அவனுடைய சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில் வீட்டுக்கு வந்தன. துண்டு, சீப்பு, சோப்பு டப்பா. சோப்பு பாதி கரைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அருணா எதை வைத்தாலும் தட்டைத் தள்ளினாள். சுமலதா அந்த வடையைச் செய்து பார்த்தாள். முதல் தடவை கிழங்கை முழுக்க வேகவைத்ததால் கல்லில் கூழாகப் பரவியது. அடுத்த வாரம் அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டுத் துருவி, அவனுடைய பழைய வேட்டித் துணியில் முடிந்து தண்ணீரைப் பிழிந்தாள். அரிசி மாவு, மிளகுத்தூள், உப்பு. சோப்பு டப்பாவின் மூடியைக் கொதிநீரில் போட்டெடுத்து, எண்ணெய் தடவி, அதில் அழுத்தித் தட்டினாள். பெல்ட்டில் வருகிற அதே வடிவம் வந்தது. தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டாள். பேக்கரியில் முந்தின நாள் பன் பாதி விலைக்குத் தருவார்கள். அதை அறுத்துக் கல்லில் வாட்டி, முட்டையும் வடையும் வைத்து, தக்காளியோடு வெல்லம் சேர்த்துச் சுண்டவைத்ததை மேலே தடவினாள். வடைக் கலவையில் கருவேப்பிலை மட்டும் கிள்ளிப் போடாமல் விட அவளுக்குக் கை வரவில்லை.

"கடையில இதெல்லாம் போடமாட்டாங்கமா." அருணா இலைகளைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கினாள்.

"கடக்காரனுக்கு முடி கொட்டட்டும். நீ துன்னு."

"நைனா சோப்பு வாசன வருது."

"வராது. கொதிக்க வச்சேன்."

"லேசா வருது." சொல்லிக்கொண்டே இன்னொன்று கேட்டாள்.

பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற ரமீஸா பழவேற்காட்டுப் பெண். விஷயம் தெரிந்ததிலிருந்து கேலிதான். "நாள் பூரா இங்க வடை, ஞாயித்துக்கெழம ஊட்லயும் வடையாக்கா? ஒண்ணு கொண்டா, யாருது நல்லாகீதுனு பாப்போம்." அவளுக்காகத்தான் திங்கட்கிழமை காலையில் சுமலதா இரண்டு வடைகளைச் சின்ன டப்பாவில் வைத்து எடுத்துப்போனாள். அன்றைக்கென்று ரமீஸா லீவு. சரி, சாயங்காலம் அருணா தின்பாள் என்று டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே போகும்போது பெண்களின் பைகளைச் சோதிப்பவள் செக்யூரிட்டி கங்கம்மா. டப்பாவைத் திறந்தவள் மூடவில்லை.

"இன்னாமா இது?"

"வடைக்கா. ஊட்ல சுட்டது."

"நம்ம பீஸு மாதிரியே கீதே."

"காலைல எடுத்தாந்தேன்க்கா. ரமீஸாவுக்குனு."

"வரும்போது யாரு பாத்தா?"

"நீங்கதான் வரும்போது பாக்கறதே இல்லையே."

"போவும்போது பாக்கத்தான் எனக்குச் சொல்லிகீறாங்க." கங்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒண்ணும் இல்லமா. மேல கேமரா பாத்துக்கினு கீது. அப்பிடி ஓரமா நில்லு."

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய் வேனில் ஏறினார்கள். வேனிலிருந்து தேசப்பன் இறங்கி வந்தான். அந்தப் பெண்களை எல்லாம் கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் விடுகிறவன் அவன்தான்.

"இன்னா சுமா, பேஜாரு பண்ணிட்டியே."

"நான் எடுக்கலண்ணா. ஒடச்சிப் பாரு, உள்ள கருவேப்பில கீது. கம்பெனில கருவேப்பில போடறாங்களா?"

"உன்ன எனக்குத் தெரியாதா? போன வாரம் குடோன்ல சரக்கு கொறஞ்சி போச்சு. யாரு, யாருன்னு மேல இருந்து கேட்டுக்கினே கீறாங்க. இவங்களுக்கு ஒரு ஆள் வேணும்." அவன் டப்பாவைப் பார்க்கவே இல்லை. "தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லிடு. ஒரு வாரம் நிறுத்துவாங்க. அப்பால நான் சேத்து உட்டுடறேன். இல்லன்னு நின்னியானா, என் வேனே உள்ள வரக்கூடாதுன்னுடுவாங்க. அதுல ஒக்காந்துகீறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் பக்கத்து கம்பெனிக்குப் போயிக்கறேன்."

"அங்க ஆள் உடறதும் நாந்தான்."

சுமலதா வேனைப் பார்த்தாள். ஜன்னலோரப் பெண்கள் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷிப்ட் ஆபீசர் பார்த்திபன் வந்தார். தலைக்கு மாட்டும் வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. டப்பாவைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார்.

"வீட்டில செஞ்சதுன்னு சொல்றியாமே?"

"ஆமா சார். கருவேப்பில போட்டு செஞ்சது. துன்னு பாருங்க சார்."

அவர் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். மெல்ல மென்றார். இன்னொரு வாய் கடித்தார். பிறகு மெல்லுவதை நிறுத்தி, முன்பல்லில் ஒட்டியதை நகத்தால் எடுத்தார். கருத்துச் சுருண்ட இலைத்துண்டு. ஓரம் இன்னும் பச்சையாக இருந்தது. அதைக் குழல்விளக்கின் பக்கம் தூக்கிப் பிடித்தார். சுமலதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தேசப்பனும் பார்த்தான். கங்கம்மாவும் பார்த்தாள்.

பார்த்திபனின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பப் பையில் போட்டார். விரலிலிருந்த இலையை மேசையின் விளிம்பில் தேய்த்து ஒட்டினார்.

"பெப்பர் தோல். நம்ம பீஸ்லயும் வரும்," என்றார்.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். இவர்கள் தெருவுக்கு வேன் போய்ச் சேருகிற நேரத்துக்கு அருணா வாசலில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருப்பாள்.

"எடுத்துட்டேன் சார்," என்றாள் சுமலதா.

"எவ்வளவு நாளா?"

அவள் தேசப்பனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவன் சொல்லித்தரவில்லை. தேசப்பன் தரையைப் பார்த்தபடி, "போன வாரத்துல இருந்துன்னு சொல்லும்மா," என்றான்.

"போன வாரத்துல இருந்து சார்."

பார்த்திபன் தலையாட்டினார். கையில் மிச்சமிருந்த அரை வடையை வாயில் போட்டு மென்றபடி, கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

கங்கம்மா இன்னொரு வடையைக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டுக் காலி டப்பாவை நீட்டினாள். சுமலதா வாங்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். மேசையில் எண்ணெய் படிந்திருந்தது. கங்கம்மா ஈரத்துணியை எடுத்து, விளிம்பிலிருந்த இலையையும் சேர்த்து அழுத்தித் துடைத்தாள்.