கட்டாயம் என்றால் கட்டாயம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. சமூக அக்கறை, அது இதுவென்று அளக்கலாம், எதற்கு? என் அறைத்தோழிக்கு ஒரு பாடம் குறைந்தது, எனக்கு

(நிறுத்திவிட்டேன். ‘எனக்கு’ வேண்டாம், ‘அவளுக்கு’. சொந்தப் பெயரில் எழுதினால் பொறாமை. இன்னொருத்தி தலையில் கட்டினால் இலக்கியம்.)

2

முதல் தொடக்கம்: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஜன்னலோரம் அவள்’

மழையும் இல்லை, மண்ணும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் முதுகலை படிக்கிறாள்.* பட்டம் வாங்கக் கட்டாயப் பாடங்கள் சில, விருப்பப் பாடங்கள் சில. வெப்ப இயக்கவியல் (பேச்சில் ‘தெர்மோ’) கட்டாயம். அதே நேரத்தில்தான் பக்கத்துக் கட்டடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வகுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. அதை முடிக்காதவர்களைக் கருவிப் பக்கமே அண்ட விடமாட்டார்கள். பற்றவைத்த உலோகத்தில் விரிசல் எங்கே பிறக்கிறதென்று பார்க்கத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தது. இந்த வகுப்பு போனால் ஆய்வு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

* சொந்தக்காரர்கள் துணிக்கடைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தி அலுத்துவிட்டது.

3

அறைத்தோழியை இன்ஜினியர் மகள் என்றே வைத்துக்கொள்வோம். அன்று காலை கட்டிலுக்கடியில் ஒற்றைச் சாக்ஸைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

“தெர்மோ எனக்கில்லப்பா. விலக்கு வாங்கிட்டேன். நேரா நுண்ணோக்கிதான்.”

“என்ன விலக்கு?”

“காலேஜ்லயே படிச்ச பாடந்தானே? ஒருங்கிணைப்பாளர்கிட்ட கேட்டா விட்டுடுவாரு. வரும்போதே அப்பா சொல்லி அனுப்பினாரு. ஏன், நீ கேக்கலையா?”

“கேக்கலாமா?”

“லூசு! நீ அதுல காலேஜ் முதல் மார்க் வேற!”

கட்டாயம் என்றால் கட்டாயம் என்று நம்பியவள் என் கதாநாயகி. படித்த பாடத்தையே பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். கட்டாயத்துக்கும் ஒரு பின்வாசல் உண்டென்பது சிலருக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது.

4

இன்ஜினியர் மகளைக் கெட்டவளாக்கப் படாதபாடு பட்டேன். ஒரு வரைவில் இவளுடைய குறிப்புகளைத் திருடினாள். இன்னொன்றில் இவளுடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்

ஒட்டவில்லை. இவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். நல்லவள்மீது பொறாமைப்படுவதைப்போல ஒரு கொடுமை கிடையாது, திட்டக்கூட வழியில்லை.

சாக்ஸ் கிடைத்ததும் எழுந்து நின்று கேட்டாள்:

“இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாடம் மாத்தலாம். அப்பாவ ஒரு மெயில் போடச் சொல்லவா? ஒருங்கிணைப்பாளர் அவருக்குத் தெரிஞ்சவர்தான்.”

“வேணாம். எனக்கு வாய் இருக்கு.”

“இருக்கு. என்கிட்ட மட்டுந்தான் திறக்குது.”

5

ஒருங்கிணைப்பாளர் அறைக்கு வெளியே, குடிநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அவள் வீட்டுக்குப் பேசினாள்.

“அம்மா, அந்தப் பாடம் மறுபடி படிக்க வேணாமாம். கேட்டா விட்டுடுவாங்களாம்.”

“யாருடி சொன்னா? வம்புக்குப் போகாத. நீ போய்க் கேட்டு, இருக்கறதும் போயிடப் போகுது.”

“எல்லாரும் கேக்கறாங்கம்மா.”

“எல்லாரும் நாமளா?”

எங்கள் வீட்டில் (அவள் வீட்டில்) கேட்காமல் இருப்பதற்கு மரியாதை என்று பெயர்.

6

கதவைத் தட்டினாள். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “சொல்லும்மா” என்றார்.

முடிவுகள் கைவசம் உண்டு. அவர் சம்மதிக்கிறார். அல்லது, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று உதட்டைப் பிதுக்குகிறார். அல்லது நுண்ணோக்கியே பழுதாகி, யாருக்கும் வகுப்பு இல்லாமல் போகிறது. எனக்குப் பிடித்தது கடைசி முடிவுதான். அதனாலேயே அடித்துவிட்டேன்.

எல்லாம் அவளுடைய முதல் வாக்கியத்தில் இருக்கிறது.

“சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஒரு சின்ன”

“சார், உங்களுக்கு நேரமிருந்தா, தப்பா நினைக்கலைன்னா”

இரண்டும் நான் எழுதியவை. இரண்டிலும் வாக்கியம் முடிவதற்குள் அவருடைய தொலைபேசி அடிக்கிறது, அவள் “பரவால்ல சார்” என்று வெளியே வந்துவிடுகிறாள். நான் எழுதினால் இப்படித்தான் ஆகும். என் வாயில் மன்னிப்புதான் முதலில் வருகிறது.

எனவே நான் வெளியே போகிறேன். அறையில் அவர், அவள், நீங்கள். அவளுடைய முதல் வாக்கியத்தை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டுமானால் ‘சார்’ வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு வேண்டாம். மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் இன்னும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.