கடல் புத்தகம் வரும்வரை

ஆட்டையாம்பட்டியில் மாதையனின் மரவள்ளிக் காட்டுக்குக் கடல் வந்தது சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்றைக்குத் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். காட்டை ஒட்டிய வீடு விசைத்தறி மெக்கானிக் ஜெரால்டுடையது என்பதால், அலைச் சத்தத்தை முதலில் கேட்டவள் அவன் மனைவி அக்சிலியா. பிள்ளை உண்டாகியிருந்தாள். மசக்கையில் காது இரைகிறது என்று நினைத்து இஞ்சி தட்டப் போய்விட்டாள்.

கடலை வரவழைத்தது வேறு யாருமில்லை, அவள் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் கூடுகிற கும்பல்தான்: ஜெரால்டு, ஓமலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் செந்தமிழன், பள்ளிக்கூட டீச்சர் இனியா. கழுதை வயசாகியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரக்காரி என்று கதை சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டி, பூதம் செத்ததா பிழைத்ததா என்று தீர்ப்பார்கள். கதையை நடத்துவது செந்தமிழன். அந்த மேசைக்கு ஒரே சட்டம்: வாயால் சொன்னால் செய்தாகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. தரைக்கும் குகைக்கும் விளையாட்டின் மூலப் புத்தகத்தில் விதி இருந்தது. கடலுக்கு இல்லை. அதற்குத் தனியாக ஓர் இணைப்புப் புத்தகம் வருகிறது என்று வெளிநாட்டுக் கம்பெனி அறிவித்ததிலிருந்து ஜெரால்டுக்குத் தறியில் கை நிலைக்கவில்லை. போனில் அட்டைப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்சிலியாவோ தவக்காலம் முழுக்கப் பகடையைத் தொட விடமாட்டாள். சேசுநாதரின் அங்கிக்காகச் சேவகர்கள் சிலுவையடியில் பகடை உருட்டியதைச் சின்ன வயதில் பாஸ்கு நாடகத்தில் பார்த்து அழுதவள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் பகடை டப்பா மாதா சுரூபத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்கள். கதை ஒரு கடற்கரையில் வந்து நின்றது. மீதியைப் புத்தகம் வந்த பிறகு பார்ப்போம் என்று செந்தமிழன் மூடப் போனான். ஈஸ்டர் வரைக்கும் எவன் காத்திருப்பான் என்று ஜெரால்டு, “நான் படகுல ஏறிட்டேன்” என்று சொல்லித் தொலைத்தான்.

“அண்ணா, அதுக்கு இன்னும் விதியே வரலீங்களே!” என்று செந்தமிழன் கத்தியபோது ஜெரால்டின் நாற்காலி காலியாக இருந்தது.

மரவள்ளிக் காட்டில் கடல் கிடந்தது. ஜெரால்டு உட்கார்ந்திருந்த படகு கரையிலிருந்து ஒரு தென்னை மர நீளத்தில் நின்றது. துடுப்புப் போட்டும் நகரவில்லை, ஓட்டுவதற்கு விதி இல்லை. நீந்திப் போனவர்கள் புறப்பட்ட இடத்திலேயே கரையேறினார்கள், நீச்சலுக்கும் விதி இல்லை. எறிவதற்கு மட்டும் மூலப் புத்தகத்திலேயே விதி இருந்ததால் கயிறு போய்ச் சேர்ந்தது. அதை ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரியில் கட்டி இழுத்தார்கள். லாரிக்குக் கிளட்ச் போனதுதான் மிச்சம். அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. மாதையன் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருஷக் கிழங்கு உப்புப் போடாமலே உப்போடு வெந்ததும் அமைதியாகிவிட்டார். தறிக்காரர்கள் பழுதான சாமான்களைப் படகுக்கு எறிந்தார்கள், ஜெரால்டு சரிபண்ணித் திருப்பி எறிந்தான். அக்சிலியா சாயங்காலம் சோற்றுத் தூக்குப்போசியை எறிவாள். “ஏனுங்க, சோறு!” என்று கூப்பிடுவது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம். “வாரேன் புள்ள” என்பது அவன் பழக்கம். எங்கே வர? சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும்.

புத்தகம் தீபாவளிக்கு என்றார்கள், கிறிஸ்துமஸுக்கு என்றார்கள், காகிதம் இல்லை என்றார்கள், அச்சில் பிழை என்றார்கள். லிடியா பிறந்தாள். ஞானஸ்நானத்தைக் கரையிலேயே வைத்தார்கள். பசாசாகிய சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று ஃபாதர் கேட்டதற்கு ஜெரால்டு படகிலிருந்து “விட்டுவிடுகிறேன்” என்று கத்தினான். மகளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. பிள்ளையை எறியவா முடியும்? லிடியா நடந்தாள், பேசினாள், அப்பா எங்கே என்றால் தண்ணீரைக் காட்டினாள். கடைசியில் அந்தப் புத்தகத்துக்காக எல்லோரையும்விட அதிகம் ஏங்கியவள் அக்சிலியாதான். விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் கம்பெனி அறிவிப்பு ஒவ்வொன்றையும் இனியாவை வாசித்துச் சொல்லச் சொன்னாள், செந்தமிழனைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள்.

மூன்றாம் வருஷத்துப் பெரிய வெள்ளியன்று மத்தியானம் கூரியர்காரர் வந்து, “பின்னாடி கடல் இருக்கற ஊடு இதுதானுங்களே?” என்றார். செந்தமிழன் பைக்கில் பறந்து வந்து கரையில் நின்று அட்டையைப் பிரித்தான். புத்தகம் திறந்ததும் விதிகள் அமலுக்கு வந்தன. காற்று எழுந்தது, நீரோட்டம் ஓடியது, படகு கரையை விட்டு விலகிப் போகத் தொடங்கியது. செந்தமிழன் பக்கங்களைப் புரட்டினான். “விலகிப் போற படகை, கரையில காத்திருக்கற சொந்தம் உருட்டித்தான் திருப்பணுமாம். பதினஞ்சுக்கு மேல விழோணும். நீங்கதானுங்கக்கா உருட்டோணும்.”

“நானா? பெரிய வெள்ளியிலயா?”

படகு சின்னதாகிக்கொண்டே போனது. லிடியா அதற்கு டாட்டா காட்டினாள். அதைப் பார்த்த அக்சிலியா, கம்பெனியையும் செந்தமிழனையும் புருஷனையும் ஒரே மூச்சில் வைதுகொண்டு உள்ளே ஓடி, சுரூபத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்தாள். “மாதாவே, உம் மகனோட அங்கிக்கு இல்ல. லிடியாவோட அப்பனுக்கு” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள்.

பதினாறு விழுந்தது. படகு வந்து மரவள்ளிக் கொல்லையில் முட்டி நின்றது. ஜெரால்டு இறங்கி, கால் பழகாமல் சேற்றில் தடுமாறி, மகளை நோக்கிக் கையை நீட்டினான். லிடியா மிரண்டுபோய் அம்மாவின் சேலைக்குள் புகுந்து, “அப்பா, படகுக்குப் போ” என்று அழுதாள். அவன் திரும்பிப் போய்ப் படகில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லிடியா தானாகவே நடந்து போய், தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினாள். அவன் வாய்விட்டு அழுதான்.

கடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மத்தி மீன் கிலோ இருநூறுக்குக் கிடைக்கிறது. பெரிய வெள்ளியில் பகடை உருட்டியதற்குப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் அக்சிலியாவுக்கும்தான் தெரியும். அடுத்து வானத்துக்கான புத்தகம் வருவதாகக் கம்பெனி அறிவித்திருக்கிறது. அது வீட்டுக்குள் வந்து சேரும்வரை மேசையில் யாரும் பறப்பது பற்றி வாயைத் திறக்கக்கூடாது என்று அக்சிலியா சொல்லிவிட்டாள். ஜெரால்டு சாயங்காலங்களில் மகளோடு படகில் உட்கார்ந்து கை முறுக்கு தின்கிறான். “ஏனுங்க, சோறு!” என்று அவள் கூப்பிட்டால் “வாரேன் புள்ள” என்கிறான். வந்துவிடுகிறான்.