பக்கத்து அறைத் தீர்ப்பு

பக்கத்து அறை நீதிபதிக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள் எனக்கு ஒரே தலைவலி. அவரைவிட மூத்தவள் நான். இருந்து என்ன பிரயோஜனம்? வழக்குகளை முடித்து முடித்துக் கண் போனதுதான் மிச்சம். அவர் கூண்டில் நிற்பவளிடம் "சாப்ட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பார், எல்லோரும் உருகிப்போவார்கள். என் மனசுக்குள் அவர் பெயர் சர்க்கரைப்பாகு.

அன்று ஒரு தையல்காரிக்குத் தண்டனை சொல்ல வேண்டும். எதிர்க்கடைக்காரி தைத்து மாட்டியிருந்த துணிகளுக்குத் தீ வைத்தவள். ஆளுக்குச் சேதமில்லை, கடை போயிற்று. குற்றவாளி என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, எத்தனை காலம் உள்ளே என்பதுதான் பாக்கி. முதல் தப்பு, கைக்குழந்தைக்காரி. மூன்று மாதம் போதும் என்று காலையில் குளிக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

அவளுடைய வக்கீல் எழுந்தார்.

"அம்மா, இதே மாதிரி கேஸ்ல பக்கத்துக் கோர்ட் ஐயா மூணே மாசம்தான் குடுத்தாங்க. பேப்பர்லகூடப் பாராட்டி எழுதுனாங்க. அந்தப் பெருந்தன்மையோட நீங்களும்..."

எனக்குச் சுரீரென்றது. நான் இரக்கப்பட்டால்கூட அது அவர் போட்ட பிச்சையா?

"நான் அவர் இல்ல. உக்காருங்க."

முறைப்படி அவளையும் கேட்டேன். "தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?"

"என்னத்தம்மா சொல்ல? எனக்கப்புறம் தொழிலுக்கு வந்தவ. எல்லாரும் அவளையே தேடிப் போனாங்க. வயிறு எரிஞ்சுது. தப்புதான். உங்கள மாதிரி பெரியவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

புரியாதாம்! அத்தனை பேர் நடுவில் என் பீரோவைத் திறந்து கொட்டியதுபோல் இருந்தது. சுருக்கெழுத்தர் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தேன். "பொறாமையால் செய்த குற்றத்துக்கு இரக்கம் காட்ட இடமில்லை. மூன்று வருடம்."

சொல்லும்போது எனக்கு ருசித்தது. தட்டச்சாகி வந்ததும் கையெழுத்துப் போட்டேன். போட்டபின் நானே நினைத்தாலும் மாற்ற முடியாது, சட்டம் அப்படி.

"பிள்ளைக்கு என் மொகமே மறந்துடுமேக்கா" என்று பெண் காவலரிடம் சொல்லிக்கொண்டே அவள் போனாள்.

என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அடிப்பாவி, மூன்று மாதம் என்றுதானே இருந்தாய்! யார்மேல் இருந்த கோபத்தை யார் தலையில் கொட்டினாய்? 

வக்கீல் கதவைத் தட்டினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா, அப்பீல் போடப்போறேன். தீர்ப்பு நகல் இல்லாம போட முடியாது, சீக்கிரம் கெடைச்சா நல்லாருக்கும்."

"தாராளமா போடுங்க. நகல் இன்னைக்கே தரச் சொல்றேன்." அப்பாடா என்றிருந்தது. "மேல்கோர்ட்ல யாரு கேப்பாங்க?"

"நம்ம பக்கத்து ரூம் ஐயாதாம்மா. திங்கக்கிழமை அங்கதான போறாங்க. கண்டிப்பா கொறைச்சுடுவாங்க."

குறைப்பார். அதே மூன்று மாதத்தை எழுதுவார். என் தீர்ப்பைக் கிழித்து, அவர் மனசு தங்கம் என்பார்கள். குறைக்கட்டும், அந்தப் பிள்ளைக்காகக் குறைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். நகல் தரச் சொல்ல குமாஸ்தாவைக் கூப்பிட மணியடிக்கக் கையும் நீட்டினேன்.

"நகல் இன்னைக்கே கெடைச்சுடும்லம்மா?"

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆபீஸ்ல வேலை அதிகம். அடுத்த வாரம் வந்து பாருங்க."