கூண்டுக்குள் திறந்த அடுப்படிக் கதவு

பொலிஸார் உதைத்து உடைத்த கதவை ஒட்டுப்போட்டு அடுப்படியில் மாட்டிய மறுநாள் காலை, நல்லம்மா அதைத் திறந்தபோது வீட்டின் பின்பக்கத்துக்குப் பதிலாகப் பொலிஸ் நிலையத்தின் கூண்டு இருந்தது. பைப்படியில் தண்ணீர் பிடிக்கத்தான் வாளியோடு போனாள். பைப் இருக்கவேண்டிய இடத்தில் சிமெந்துத் தரை, மூத்திர நாற்றம், மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் மகன் நிஷாந்த். அந்த நிலையத்துக்குப் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம் பிடிக்கும். அன்று ஆத்துமேட்டில் மழை இல்லை, சந்தையில் கரட் விலை கொஞ்சம் ஏறியிருந்தது. வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது.

ஆத்துமேடு பதுளை டவுனுக்குக் கீழே ஓயா ஆற்றின் கரையில் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்குக்குப் பேர் கொடுத்து அலுத்தவர்களும், மண்சரிவுக்குப் பயந்து மலையை விட்டு இறங்கியவர்களும் கட்டிக்கொண்ட வீடுகள். நடுநடுவே முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் உண்டு. ஐஸ் என்கிற போதைப்பொருள் அங்கே வந்து சேர்ந்ததும் முதலில் சைக்கிள்கள் காணாமல் போயின, பிறகு காஸ் சிலிண்டர்கள், கடைசியில் கோயில் உண்டியல். பொலிஸ் வந்தே ஆகவேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்ட முதல் ஆள் நல்லம்மாதான். பாலத்தடி மாடி வீட்டில் விற்கிறார்கள் என்று இடத்தையும் சொன்னாள். அவளுக்குத் துணிச்சல் ஜாஸ்தி என்றவர்கள் உண்டு, வாய் ஜாஸ்தி என்றவர்களும் உண்டு.

பொலிஸ் வந்தது. நாய் வந்தது, கேமரா வந்தது, இரண்டு லொறிகளும் வந்தன. லொறி நிறையாமல் திரும்பினால் டிவியில் காட்ட ஒன்றும் இருக்காது என்பதால் வரிசையாக வீடுகளை உதைத்துத் திறந்தார்கள். பாலத்தடி மாடி வீட்டில் மட்டும் மணியை அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லைபோல என்று மரியாதையாகத் திரும்பிவிட்டார்கள். நிஷாந்த் வெலிமடையில் இரவெல்லாம் லீக்ஸ் மூட்டை ஏற்றிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியபோது கண் சிவந்திருந்தது. அது ஒரு சாட்சி. சாமித் தட்டில், கோயிலில் கொடுத்த கற்கண்டு சின்னப் பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு இருந்தது. ஐஸும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும் என்பதால் அது இன்னொரு சாட்சி. நாய் அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாயின் வாக்குமூலத்தை யாரும் எடுக்கவில்லை. ஒருவராவது நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும், நிஷாந்தை லொறியில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் உடைத்த வாசல் கதவு, தோட்டத்து லய வீட்டிலிருந்து இறங்கும்போது அவளே கழற்றி, தலையில் சுமந்து வந்த கதவு. தோட்டத்துப் பச்சைப் பெயிண்ட் இன்னும் உரியவில்லை. பக்கத்து வீட்டுத் தச்சன் றில்வான் பலகை அடித்துச் சரிசெய்து பழைய இடத்தில் மாட்டப் போனபோது நல்லம்மா தடுத்தாள். பூட்ஸ் பட்ட கதவு கோலம் போடுகிற வாசலில் நிற்க வேண்டாம், பின்னால் மாட்டு என்றாள். வாசலுக்குப் பழைய சேலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். இவ்வளவுதான் நடந்தது. கதவு ஏன் அப்படித் திறந்தது என்று யாராவது கேட்டால், இதற்கு மேல் சொல்ல ஊரில் எவரிடமும் ஒன்றும் இல்லை.

கூண்டில் இருந்த மகனின் முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கையைப் பிடித்து இழுத்தாள். அவனும் எழுந்து வந்து ஒரு காலை அடுப்படித் தரையில் வைத்தான். அடுப்பில் கொதித்த தேத்தண்ணியின் வாசனை பட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு என்ன நினைத்தானோ, வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"வேணாம்மா. இதால வந்தா நான் தப்பி ஓடுனவன். காலம் பூரா ஒளிஞ்சிக்கிட்டே திரியணும்."

"அடிச்சே கொன்னுருவாங்கடா ஒன்ன."

"முன் கேட்டு வழியா வாறேன்மா. எல்லாரும் பாக்க வாறேன்."

அன்று முழுக்க அவள் அவனோடு கோபமாகவே இருந்தாள். பெற்றவளுக்குப் பிள்ளை உயிரோடு வேண்டும். நல்ல பேர் அதற்குப் பிறகுதான். ஆனால் மாடி வீட்டைச் சொன்ன தன் பேச்சு பொய்யில்லை என்று நிற்கவேண்டுமானால், அவன் நேர்வழியாக வந்தால்தான் முடியும் என்பதும் அவளுக்குப் புரியாமல் இல்லை. சாயந்தரம் தேங்காய் ரொட்டி சுட்டு, சம்பலோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவை மூடவே இல்லை. றில்வானின் மனைவி றஷீனா போஞ்சி நறுக்கத் தன் வீட்டை விட்டு இங்கே வந்தாள். மற்றப் பெண்களும் அரிசி புடைக்க, பிள்ளைக்குப் பால் கொடுக்க என்று ஏதாவது ஒரு சாக்கோடு வந்து உட்கார்ந்தார்கள். விசாரணைக்கென்று பிளாஸ்டிக் குழாயோடு கூண்டுக்குள் வந்த இரண்டு பேர், எதிரே ஓர் அடுப்படி நிறையப் பெண்கள் இருப்பதைக் கண்டார்கள். பெண்கள் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார்கள். வந்தவர்கள் குழாயை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். நிலையப் பொறுப்பதிகாரி மேசன்மாரை அழைத்து அந்தப் பக்கத்தை அடைத்துச் சுவரெழுப்பச் சொன்னார். அவர்கள் வைத்த கற்கள் காலையில் கற்களாகவே நல்லம்மா வீட்டு வாசலில் அடுக்கியிருந்தன. அவற்றைக் கொண்டு அவள் கோழிக்கூடு கட்டினாள். மேலிடத்துக்கு எழுதலாம் என்றால், எழுதுகிறவரைத்தான் முதலில் பைத்தியம் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதனால் நிலையத்திலும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

சார்ஜன்ட் ஹேரத் மட்டும் பேசினார். கதவை உதைத்தவர் அவர்தான். கூண்டுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று, தமக்குத் தெரிந்த தமிழில் ஒருநாள் கேட்டார்.

"அம்மா, ஆத்துமேட்டு ஆள் ஒருத்தரும் இப்ப எங்களுக்கு ஒண்ணும் சொல்றது இல்ல. களவு போனாலும் வாறது இல்ல. ஏன்?"

"நான் சொன்னேனுங்களே," என்றாள் நல்லம்மா. "வீட்டக் காட்டுனது நான்தான். நீங்க ஒதச்சது என் கதவ."

ஹேரத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்லம்மாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அப்படி வந்ததில் தன்மேல் எரிச்சலும் வந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கம்பி வழியாகக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி எல்லாம் இல்லை, வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுப்பது வேறு விஷயம்.

தடுப்புக் காவல் நீண்டுகொண்டே போய், கடைசியில் ஒருநாள் கொழும்பிலிருந்து பகுப்பாய்வு அறிக்கை வந்தது. கற்கண்டு கற்கண்டுதான் என்று அதில் உறுதியாக எழுதியிருந்தது. நீதவான் விடுதலை என்றார். வழக்கு அதோடு முடிந்தது. நிஷாந்த் நிலையத்தின் முன் கேட்டு வழியாக வெளியே வந்து, பஸ் ஏறி, பாலத்தடியில் இறங்கி, மாடி வீட்டைத் தாண்டி, பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க மெதுவாக நடந்து வந்தான். வாசல் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது நல்லம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று இருந்தவள் அழுதுவிட்டாள்.

விடுதலை என்று கேட்டதும் நல்லம்மா அந்தக் கதவை மூடியிருந்தாள். மகன் வந்துவிட்டதால் இனிமேல் பைப்படி வந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். கை கழுவத் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தபோது அதே சிமெந்துத் தரை இருந்தது. மூலையில் வேறொரு பையன், பண்டாரவளைப் பக்கத்துச் சிங்களப் பையன்போல, ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு இவர்களைப் பார்த்தான். அந்தத் தரையில் இனிக் கால் வைப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போதுதான் நிஷாந்த் சாமிமேல் சத்தியம் செய்திருந்தான். சோற்றுத் தட்டையும் அந்தப் பையனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அவன் முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான். நல்லம்மா இன்னொரு தட்டில் சோறு போட்டாள்.

கதவு இன்னும் அங்கேதான் திறக்கிறது. பைப்படிக்குப் போக வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும், எல்லோருக்கும் அது பழகிவிட்டது.