பால் கறக்கும் நேரத்துப் பேச்சு

மாடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே புஷ்பவள்ளியின் சமையலறைத் தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கோடு வந்துவிட்டது.

கோட்டை ஒட்டியவர் அவள் கணவர் திருச்செல்வம். ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, சிங்கப்பூரில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். தூசி நுழையாத அறை, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. ஓய்வு பெற்றதும் இருவரும் காஹாங் என்ற சிற்றூரில் பின்பக்கம் நிலம் உள்ள ஒரு வீட்டுக்கு வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். பாக்கெட் பாலில் உறை ஊற்றி அலுத்துப்போயிருந்த புஷ்பவள்ளி, நிலத்தைப் பார்த்த அன்றே மாடு வாங்கலாம் என்றாள்.

"வாங்கலாம்லா," என்றார் திருச்செல்வம். "ஆனா மொதல்ல எடம் ரெடியாகணும்."

சமையலறையின் பின்சுவரை ஒட்டிக் கொட்டகை எழுந்தது. கறந்த பால் நேராக உள்ளே வர, சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார். குளுவாங்கில் மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து பெரிய எவர்சில்வர் தொட்டி வந்தது. வாளி, வடிகட்டும் துணி, துணி அவிக்கும் பானை, சூடு பார்க்கும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி, ஆணிக்கு மேல் பெயர் எழுதிய அட்டை. கோட்டுக்கு அந்தப் பக்கம் பால் வேலை, இந்தப் பக்கம் சமையல். புஷ்பவள்ளியின் கிரைண்டர் குளியலறை வாசலுக்குப் போனது. சாம்பார்க் கரண்டி கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுகிற மனுஷி தலையில் வலைத் தொப்பி போடவேண்டும்.

"ஏங்க, நான் மாடு கறக்கப் போறேனா, ஆபரேஷன் பண்ணப் போறேனா?"

"ரெண்டையும் சுத்தமாத்தான் பண்ணணும்," என்றார் அவர், அட்டையை நிமிர்த்திக்கொண்டே.

கடைசியில் மாடு வந்தது. பொந்தியானில் மாடு வளர்த்த ராசம்மா, முழங்கால் வலி தாங்காமல் அதை விற்றிருந்தாள். லாரியில் அவளும் கூடவே வந்து இறங்கினாள். மாட்டின் பெயர் மல்லிகா. பழுப்பு நிறம், பெரிய காது, எதற்கும் அவசரப்படாத முகம். கொட்டகை வாசல்வரை வந்த மல்லிகா, திருச்செல்வம் பதித்திருந்த வெள்ளைப் பளிங்கு ஓடுகளைப் பார்த்தது. அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை.

"அலமாக், இதுல நானே நடக்க மாட்டேன்," என்றாள் ராசம்மா. "மாடு வழுக்கி விழுந்தா தூக்குறதுக்கு கிரேன் வச்சிருக்கீங்களா?"

ஓடுகளைப் பெயர்த்து, சொரசொரப்பாகச் சிமெண்டு பூசி, ரப்பர் பாய் விரிக்க நான்கு நாளானது. அதுவரை ராசம்மா தங்கியிருந்து, மல்லிகாவைப் பலாமரத்தடியில் கட்டி இரண்டு வேளையும் கறந்து கொடுத்தாள். காலையில் மட்டும் நாலரை லிட்டர். உளிச் சத்தத்தில் இருந்த தம்பதிக்கு மரத்தடியில் என்ன நடந்தது என்று தெரியாது. ஐந்தாம் நாள் ராசம்மா பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மாலை புஷ்பவள்ளி வலைத் தொப்பியோடு போய் உட்கார்ந்தாள். அரைக் குவளை வந்தது. மறுநாள் காலை அதுவும் இல்லை. மாட்டு டாக்டர் வந்து தட்டிப் பார்த்து, மாடு நன்றாக இருக்கிறது, உங்களுக்குத்தான் பதற்றம் என்று சொல்லிவிட்டுப் போனார். புஷ்பவள்ளி ராசம்மாவுக்குப் போன் போட்டாள்.

"கறக்கறப்போ பேசறியா?" என்று கேட்டாள் ராசம்மா.

"என்ன பேசணும்க்கா?"

"நான் என் மருமகளப் பத்திப் பேசுவேன். மல்லிகா கன்னுக்குட்டியா இருந்ததுலேர்ந்து அதத்தான் கேக்குது. வாய மூடிட்டு உக்காந்தா அதுக்குப் பால் இறங்காது."

புஷ்பவள்ளிக்கு மருமகள் இல்லை. ஒரே மகள் லோஷினி, ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறாள், இருபது வயது. அதனால் முதலில் கோயில் திருவிழாவைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ரசம் வைக்கும் முறையைச் சொன்னாள். மல்லிகா வாலை மட்டும் ஆட்டியது. அலுத்துப்போய்த் தனக்குத்தானே சொல்வதுபோல ஆரம்பித்தாள்.

"இந்த மனுஷன் என் கிரைண்டர எங்க வச்சிருக்காரு பாத்தியா? குளிக்கிற ரூம் வாசல்ல. மாவாட்டுறப்போ குளிக்கப் போறவர் சோப்புப் பெட்டியோட என்னத் தாண்டிப் போறாரு."

வாளியில் சர்ரென்று சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி குனிந்து பார்த்தாள். பால்தான்.

அவள் விடவில்லை. "லோஷினி பொறந்த அன்னிக்கு ஆறு மணி நேரம் லேட்டு. பாலத்துல ஜாமாம். வந்து மொத கேள்வி என்ன தெரியுமா? புள்ள எடை எவ்ளோ. நீ எப்படி இருக்கன்னு இல்ல. எடை."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திருச்செல்வம் வடிகட்டும் துணியைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. வாளி உள்ளே வந்ததும், "நாலு லிட்டர்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கிரைண்டர் பழைய இடத்தில் இருந்தது. புஷ்பவள்ளி பார்த்தாள். மல்லிகாவிடம் அடுத்த விஷயத்துக்குப் போனாள். விடியற்காலையில் இத்தனை வருடம் அவர் கதவை டமாலென்று சாத்திவிட்டு வேலைக்குப் போனது அன்றைக்குப் பேச்சு. அதற்கடுத்த நாள் கதவு ஓரத்தில் ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. வலைத் தொப்பியைப் பற்றிச் சொன்னாள், தொப்பி காணாமல் போனது. மஞ்சள் கோடும் ஒருநாள் உரிந்து குப்பைக்குப் போனது. பால் குறையாமல் வந்தது.

இப்படிப் பேச ஆரம்பித்த எட்டாம் நாள் அவள் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மல்லிகா கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"ஏங்க," என்று ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ஏதாவது தப்பு பண்ணுங்களேன்."

"இப்பவேவா?"

"பின்ன? மாடு காத்துக்கிட்டு நிக்குது."

திருச்செல்வம் யோசித்தார். பிறகு சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மல்லிகாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"மல்லிகா, குட் மார்னிங்," என்றார்.

மல்லிகா மூச்சு விட்டது.

"அன்னிக்கு ஜாம் உண்மைதான். மோட்டார எறங்கித் தள்ளிக்கிட்டே வந்தேன். ஆனா ஆறு மணி நேரமும் ஜாம் இல்ல. கடைசி ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல்லதான் நின்னேன். உள்ள போகப் பயம். நர்ஸ் வந்து, ரெண்டு பேரும் நல்லாருக்காங்கன்னு சொன்னப்புறம்தான் கால் நகந்துச்சு. உள்ள வந்தா என்ன கேக்கறதுன்னு தெரியல. வேலையில அளவு கேட்டே பழக்கம். அதான் எடையக் கேட்டேன்."

வாளியில் சர்ரென்று பால் இறங்கியது.

"பயமா? எதுக்குப் பயம்?"

"ஒனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"இத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கல."

"நான் கேக்கணுமா? இருபது வருஷமா எடை எடைன்னு நெனச்சு வயிறெரிஞ்சிருக்கேன். வாசல்ல நின்னாராம். ஒரு மணி நேரமாம்." அவள் குரல் ஏறியது, கை வேகமானது. "வேற எங்கெல்லாம் இப்படி நின்னீங்க?"

"உங்கப்பா செத்த அன்னிக்கு," என்றார் அவர், தயங்கி.

அன்று எவ்வளவு கறந்தது என்று சரியாகத் தெரியாது. வாளி நிரம்பியதை இருவரும் கவனிக்காததால் கொஞ்சம் ரப்பர் பாயில் ஓடிவிட்டது. மிச்சத்தை அளந்தபோது ஆறு லிட்டருக்குமேல் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வேளையும் இருவரும் சேர்ந்தேதான் கறக்கப் போனார்கள். ஜன்னல் வழியாக வாளியை வாங்க உள்ளே ஆளில்லை. கொல்லைக் கதவைச் சுற்றித்தான் பால் வீட்டுக்குள் வந்தது.

அந்த எட்டாம் நாள் காலை செம்பனைகளுக்கு மேலே வெயில் ஏறும்வரை பேச்சு முடியவில்லை. பசி எடுத்து மல்லிகா கத்தியபிறகுதான் திருச்செல்வம் அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கக் கிளம்பினார். புஷ்பவள்ளி சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். அப்பா விஷயத்தில் அவள் கேட்கவேண்டியது இன்னும் பாதி பாக்கியிருந்தது.