முப்பத்தெட்டாம் மாடியில் தண்ணீர் வரவில்லை

1

இந்தக் கதை ஒரு விளம்பரப் புத்தகத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வழவழப்பான தாளில் இருபத்து நான்கு பக்கம். நாட்டிலேயே உயரமான கட்டடத்தின் வீடுகளையும் அலுவலகங்களையும் விற்பதற்காக அச்சிட்டது. எழுதியவன் நான். அதே கட்டடத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கெட்டவர் என் அக்காவின் கணவர். தீயணைப்புத் துறையில் உயரக் கட்டடங்களைப் பரிசோதிக்கும் அதிகாரி.

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"மேகங்கள் அந்தக் கட்டடத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு—"

[நிறுத்திவிட்டேன். இது விளம்பரத்தின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. கைவசமிருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. மிச்சத்தை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.]

"வளரும் நாடு என்கிறார்கள். எந்தப் பக்கம் வளர்கிறது என்று கேட்டால் அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார்கள்."

[இது பரவாயில்லை. ஆனால் இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.]

2

பக்கத்து நாட்டில் ஐம்பத்து மூன்று மாடி இருந்ததால் நம்முடையது ஐம்பத்து நான்கு. வேறு காரணம் எதுவும் என் காதில் விழவில்லை. கட்டடம் இருந்த ஊரின் தீயணைப்பு நிலையத்தில் இருந்த ஏணி வண்டி, முழுவதும் நீட்டினால், பதினான்காம் மாடியை எட்டும். அதற்கு மேலே இருப்பவர்களைக் கட்டடம்தான் காப்பாற்றியாக வேண்டும். அதற்காக மாடிக்கு மாடி தண்ணீர்க் குழாய், புகை புகாத படிக்கட்டு, ஓடிவந்து ஒதுங்கி நிற்க இடையிடையே மூன்று காலித் தளங்கள் என்று சட்டம் இருந்தது.

அத்தான் பரிசோதனைக்குப் போனபோது மின்தூக்கியில் ஏறவில்லை. படியில் ஏறினார். காலித் தளங்கள் மூன்றில் இரண்டு விற்பனையாகியிருந்தன. மூன்றாவதில் உடற்பயிற்சிக் கூடம். [மக்கள் அங்கே ஓடத்தான் செய்கிறார்கள். நின்ற இடத்திலேயே.] முப்பத்தெட்டாம் மாடியில் தீயணைப்புக் குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது. கால் மணி நேரம் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அறிக்கையில் எழுதினார்: "முப்பத்தெட்டாம் மாடியில் தண்ணீர் வரவில்லை."

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"வரலதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பெரிய மோட்டாரு வைக்கிறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்கல்ல? அப்ப நாளைக்கு வரும். நீங்க 'வரும்'னு எழுதுங்க. அது பொய்யில்லையே?"

"வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க சார். திரும்பப் படியேறிப் போய்ப் பாத்துட்டு எழுதுறேன்."

"அடுத்த வாரம் தெறப்பு விழாய்யா."

"எனக்குத் தெரியும் சார். அழைப்பிதழை எழுதுனதே என் மச்சினன்தான்."

இந்த மேலதிகாரியைக் கெட்டவராக எழுத மூன்று நாள் முயன்றேன். நடக்கவில்லை. மனுஷன் கெஞ்சினார். அவருக்கு மேலேயும் ஓர் ஏணி இருந்தது, அதில் அவரும் பாதியில் நின்றுகொண்டிருந்தார். மீசையையாவது முறுக்கியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அத்தான் மாற்றவில்லை. மறுநாளே வேறொருவர் கையெழுத்துப் போட்டார். விழா முடிந்த வாரத்தில் அத்தானைப் பயிற்சிப் பள்ளியின் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓட்டை விழுந்த குழாய்களைச் சுருட்டி வைக்கும் இடம். வரவேண்டிய பதவி உயர்வு வரவே இல்லை.

3

அக்காவை என்ன செய்வது என்று தெரியவில்லை. கணவனின் நேர்மையை நினைத்துப் பெருமூச்சு விடும் மனைவியாக ஒரு பத்தி எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் உண்மையில் சொன்னது இது:

"ஒரே ஒரு வார்த்தை. உங்க அத்தானுக்கு அதை மாத்தத் தெரியல. நீ என்னடான்னா வார்த்தையை வெச்சே வீட்டுக்கு மாடி கட்டிட்ட. ரெண்டு பேரையும் ஒரே குடும்பத்துல பாத்துட்டு நான் எப்படிடா சும்மா இருக்கிறது?"

அத்தான் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள். அவர் கூடத்தில் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

அப்புறம் நடந்ததை நான் கற்பனையில் கண்டுபிடித்திருந்தால், "ரொம்பத்தான் பொருத்தமா இருக்கு" என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். அவர்களுடைய ஒரே மகளுக்கு வேலை கிடைத்தது. துணி துவைக்கும் இயந்திரம் பழுதானவர்கள் தொலைபேசியில் திட்டும் திட்டை வாங்கிக்கொள்ளும் வேலை. அலுவலகம் அந்தக் கட்டடத்தில். நாற்பத்தோராம் மாடியில்.

"போகாதன்னு நான் சொல்ல முடியாது," என்றார் அத்தான். "என் சம்பளம் அந்த மாதிரி. ஆனா ஞாயித்துக்கிழமை என்கூட வா."

ஞாயிறுதோறும் நாற்பத்தோராம் மாடியிலிருந்து அவளைப் படியில் இறங்க வைத்தார். கீழே கைக்கடிகாரத்தோடு நின்றார். ஒருமுறை நானும் போயிருந்தேன். முகமெல்லாம் வேர்வையாக வந்து காவலாளியின் நாற்காலியில் விழுந்தாள்.

"பத்தொம்போது," என்றார் அத்தான். "பதினேழுல வரணும். செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்க."

"ஆபீஸ்ல எனக்கு என்ன பேரு தெரியுமாப்பா? ஃபயர் சர்வீஸ்."

"நல்ல பேருதான்."

"நல்ல பேரில்லப்பா. சிரிக்கிறாங்க."

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை பதினேழில் வந்தாள்.

4

இங்கே ஒரு தீ வேண்டும். எந்த எழுத்தாளனுக்கும் கை அரிக்கும் இடம் இது. எழுதினேன். இருபதாம் மாடியில் மின்கசிவு. ஏணி பதினான்கில் நிற்கிறது. குழாயில் காற்று. மகள் செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்குகிறாள், மற்றவர்கள்— பன்னிரண்டு பக்கம். எனக்கே கண் கலங்கியது. அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கையில் பென்சிலோடு படித்தார். "தீ இல்ல, புகைதான் கொல்லும்" என்று ஓர் இடத்தில் ஓரத்தில் எழுதினார். இரண்டு கதவுகளைத் திருத்தினார். கடைசிப் பக்கம் வந்ததும் கேட்டார்:

"எத்தன பேரு செத்தாங்க இதுல?"

"நாப்பது பேரு அத்தான்."

"எதுக்கு?"

"நீங்க எழுதுனது சரின்னு எல்லாருக்கும்—"

"நான் எழுதுனது அன்னிக்கே சரி. அதைச் சரின்னு காட்ட நாப்பது பேரு சாவணுமா? என் பொண்ணு அங்க உக்காந்திருக்காடா. கிழிச்சுப் போடு."

கிழித்தேன். [ஒரு பிரதி கணினியில் இருக்கிறது. என்னை நம்பாதீர்கள்.]

5

ஆகவே தீ இல்லாமல் கதையை முடிக்கலாம் என்றிருந்தேன். போன புதன்கிழமை அக்காவின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக "மாமா" என்று வாசலிலேயே சத்தம் போடுகிறவள், நேரே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மணி அடிச்சுது மாமா."

"என்ன மணி?"

"அபாய மணி. பதினொன்னே முக்காலுக்கு. நான் எந்திரிச்சு செருப்பைக் கூடக் கழட்டிட்டேன். பின்னாடி யாரோ, 'ஃபயர் சர்வீஸ் கெளம்பிருச்சு'ன்னாங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. டீம் லீடர், 'டெஸ்டிங்தான், போனை எடுங்க'ன்னாரு."

"எறங்கிட்டியா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"உக்காந்துட்டேன். இருபத்திரெண்டு நிமிஷம் அடிச்சுது மாமா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினேழு ஆனப்போ, இப்ப நான் கீழ இருந்திருப்பேன்னு நெனச்சேன். அப்பவும் எந்திரிக்கல. ஒரு அம்மா போன்ல, மெஷின்ல தண்ணி நிக்கலன்னு கத்திக்கிட்டிருந்தாங்க. மன்னிக்கணும் மேடம், மன்னிக்கணும் மேடம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

எங்கேயோ எலி கடித்த கம்பியாம். ஒன்றும் ஆகவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. தீப்பிடிச்சிருந்தாக்கூடத் தாங்கிப்பாரு. நான் எந்திரிக்கலங்கிறதை..." என் மேசைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்க எங்களைப் பத்தித்தானே எழுதுறீங்க? அதுல நான் எறங்கிட்டேன்னு எழுதுங்க மாமா. அவரு உங்க கதையத் தவறாம படிக்கிறாரு."

6

எழுதினேன். என் தொழில் அதுதானே. மணி அடிக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்குகிறாள். பதினாறே முக்கால் நிமிடம். கீழே காவலாளி எழுந்து நாற்காலியைத் தருகிறான். நன்றாகவே வந்திருக்கிறது. இதைப் படித்தால் அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார்.

நீங்கள் இப்போது படித்து முடித்த ஐந்தாம் பகுதியும் இருக்கிறது. அதைப் படித்தால் அவர் மகளிடம் வேலையை விடச் சொல்வார். அவள் விட்டுவிடலாம். அல்லது அன்றிலிருந்து இருவரும் பேசாமல் போகலாம். அல்லது அவர் மறுபடி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தோடு போய் நிற்கலாம், இம்முறை என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல்.

இரண்டு தாள்களும் மேசைமேல் கிடக்கின்றன. காலையில் ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். முடிவைச் சொல்லும் உரிமையை நான் என்றோ விற்றுவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள், எதைக் கொடுக்க? சீக்கிரம் சொல்லுங்கள். நாளைக்கும் அவள் வேலைக்குப் போகிறாள். நாற்பத்தோராம் மாடிக்கு மின்தூக்கியில் முப்பத்தாறு நொடிதான் ஆகிறது.